கவிழ்த்துப் பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்

கேள்வி: என் கணவரின் ஊர் தேவகோட்டை. போன வருஷம் பங்காளிகள் கூடிச் சாமான் அறையைத் திறந்து பிரித்துக்கொண்டதில் எங்கள் பங்குக்கு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. இரண்டு வெண்கலக் கும்பா, ஒரு ஈயச்சொம்பு, பூப்போட்ட மங்குத் தட்டு ஆறு, பீங்கான் தட்டு நாலு, வெள்ளி மாதிரி ஒரு டீ செட். இங்கே இரண்டு படுக்கையறை வீட்டில் எல்லாவற்றையும் அடுக்க இடமில்லை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் "மெஷினில் கொடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். டீ செட் வெள்ளிதான், லாக்கரில் வை என்கிறார் கணவர். எதைப் புழங்கலாம், எதைச் சும்மா வைக்கலாம்? அமெரிக்காவில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு கும்பா வேண்டுமாம், அனுப்பலாமா? இன்னும் சில பழைய சாமான்கள் வாங்கவும் ஆசை.
— ஒரு வாசகி, தொம்மலூர், பெங்களூரு

பதில்: மெஷின்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மேலே படியுங்கள். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம்.

ஒரு கும்பாவை எடுத்து ஜன்னல் பக்கம் போய்க் கவிழ்த்துப் பிடியுங்கள். விளிம்புக்குக் கீழேயோ அடிவளையத்துக்குப் பக்கத்திலோ சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்தி எழுத்து வெட்டியிருக்கிறதா? செட்டிநாட்டுச் சாமான் என்றால் அநேகமாக வீட்டு விலாசம், மூன்று நான்கு முதலெழுத்து இருக்கும். சிலதில் பெண்ணின் பெயரே இருக்கும். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போதும், பத்து வீட்டுப் பாத்திரம் ஒரே பந்தியில் கலந்து கிடக்கும்போதும் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக வெட்டியது. அந்தப் புள்ளிகளின் ஆழம் நகக்கீறல் அளவுதான். பஃப் சக்கரத்தில் இரண்டு தடவை கொடுத்தால் பளபளப்பு வரும், பேர் போய்விடும். உங்கள் தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஊரைத் தொம்பலூர் என்று சொல்கிறவை. அந்தக் கல்லை வழவழவென்று இழைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் விடுவீர்களா? புளியும் விபூதியும் போட்டுக் கையால் தேய்த்தால் போதும். அதுவும் எழுத்து இருக்கும் இடத்தில் பஞ்சால்.

பெட்டியில் உண்மையான சொத்து அந்தக் கும்பாக்கள்தான் என்பேன். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலத்தில் செம்போடு சேர்வது வெள்ளீயம். வெள்ளீயம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் போனால் அந்த வெண்கலத்துக்குப் பொன்னிறமும் மணியோசையும் வரும். கூடவே கண்ணாடி மாதிரி உடையும் குணமும் வரும். அதைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் முக்கி எடுத்து மெல்லிய கிண்ணமாக்கும் வித்தை நம் பக்கத்தில் மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் கிடைத்திருக்கிறது, நீலகிரிக் கற்குவைகளில் எடுத்த கிண்ணங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இதை ஆராய்ந்து எழுதிய சாரதா சீனிவாசன் உங்கள் ஊர்க்காரர், இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் தேசிய உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். கேரளத்துக் கம்மாளர்கள் அதே முறையில் கிண்ணம் தட்டியதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர்.

எல்லாக் கும்பாவும் அந்த ஜாதி இல்லை. வார்ப்பும் உண்டு, வெள்ளீயம் குறைந்ததும் உண்டு. கும்பாவை ஐந்து விரல் நுனியில் ஏந்திக்கொண்டு மரக்கரண்டியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். ஓசை நின்று இழுத்தால் நல்லது. 'டக்' என்று அங்கேயே செத்துவிட்டால் விரிசலோ பற்றவைத்த ஒட்டோ இருக்கிறது. கஞ்சியோ தயிர்சாதமோ தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் புளிப்பானதை ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். கிரானைட் மேடைமேல் மட்டும் நழுவ விட்டுவிடாதீர்கள்.

ஈயச்சொம்புக்கு வருகிறேன். நம் மொழியில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்தைச் சுமக்கிறது. ரசத்துக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வெள்ளை என்ற பேரில் காரீயம் கலந்து விற்றவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. காரீயம் கனம் அதிகம். வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும், நல்ல வெள்ளீயம் அப்படி எழுதாது. இது வீட்டுச் சோதனைதான், கொஞ்சமாகக் கலந்திருந்தால் பிடிபடாது. எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் உலோகச் சோதனைக்கூடம் எதிலாவது காட்டுங்கள், சொம்பைச் சுரண்டக்கூட மாட்டார்கள். அதுவரை ரசம் வேண்டாம். பாஸ் ஆகிவிட்டால், முதலில் புளித்தண்ணீரை ஊற்றுங்கள், பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். என் அத்தை கொடுத்த சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது பர்னர் மேல் கைக்குட்டை அளவுக்கு வெள்ளிக்குட்டை. அத்தை இறக்கும்வரை அவளிடம் சொல்லவில்லை.

மங்குத் தட்டைப் பற்றிப் பலருக்கு இளக்காரம், ஆஸ்பத்திரித் தட்டு என்பார்கள். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிக் குழம்பை உருக்கிப் பூசியது அது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் சரக்குகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் அது 1918-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது, அந்த நாடு பிறந்ததே அந்த வருஷம்தான். ஸ்வீடன் சரக்கென்றால் 'கொக்கும்ஸ்' என்ற பேரைத் தேடுங்கள். சாப்பிடும் பக்கத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் புழங்காதீர்கள். கண்ணாடித் துணுக்கு சோற்றில் வரும், துருவும் பிடிக்கும். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியம் இருக்க வாய்ப்புண்டு. அவற்றில் பழம், முறுக்கு மாதிரி உலர்ந்தது வைக்கலாம், வற்றல்குழம்பு ஊற்ற வேண்டாம். நானாக இருந்தால் ஆறில் இரண்டைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிடுவேன்.

பீங்கானுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மயிர்க்கோடு ஓடியிருந்தால் எண்ணெயும் குழம்பும் உள்ளே இறங்கிக் கறையாகும், எனவே ஷோகேஸ். கோடு இல்லாமல் விரலால் சுண்டினால் கணீர் என்றால் விருந்தாளி வரும் அன்று எடுங்கள். தங்க விளிம்பு போட்டது மைக்ரோவேவில் பொறி பறக்கும்.

இனி உங்கள் கணவர் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். டீ பாட்டின் அடியில் 'இ.பி.என்.எஸ்.' என்று நாலு ஆங்கில எழுத்து இருக்கிறதா? இருந்தால் அது வெள்ளி இல்லை, நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முலாம். இங்கிலாந்தில் எல்கிங்டன் கம்பெனி 1840-ல் காப்புரிமை வாங்கிய தொழில் அது. பக்கத்தில் 'ஏ 1' என்று இருந்தால் முலாம் கனமாகப் போட்டது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பிடியின் வளைவிலும் மூக்கு நுனியிலும் முலாம் தேய்ந்து மஞ்சளடித்திருக்கும். லாக்கர் வாடகை தண்டம், தினம் அதில் காபி ஊற்றுங்கள்.

ஆனால் அந்த எழுத்து இல்லாமல், உடம்பெங்கும் சாமி உருவங்கள் புடைத்து நின்றால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். 'சுவாமி வெள்ளி' என்று ஒரு வகை உண்டு. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் அதற்குப் பேர்போனவர்கள். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது பரோடா மகாராஜா கொடுத்த பரிசில் அவர்கள் செய்த டீ செட் ஒன்று உண்டு. பெங்களூரிலும் பார்ட்டன் கம்பெனி செய்தது, எம்.ஜி. ரோடு பார்ட்டன் சென்டர் என்ற பேரை நீங்கள் தினம் பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்டதைச் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு வெளுக்க வைத்துவிடாதீர்கள். பள்ளங்களில் தங்கிய கறுப்புதான் உருவங்களை எடுத்துக் காட்டுகிறது.

வாங்குவதென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள், முதல் நாள் ஒன்றும் வாங்காமல். 'ஆன்டிக்' என்று கேட்டால் ஆன்டிக் விலைதான் சொல்வார்கள். கும்பா, வட்டில், தவரா என்று பேர் சொல்லிக் கேளுங்கள். வயதைத் தேய்மானத்தில் பாருங்கள். நிஜமாகப் புழங்கியது ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கும், பிடித்த இடம் வழவழப்பாகவும் இடுக்கு கரடாகவும் இருக்கும். ஆசிட்டில் முக்கியது எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருக்கும், கை வைக்காத உள்மூலைகூட. பித்தளை வாங்கினால் ஈயம் பூசாமல் புழங்கக்கூடாது. கலாய்காரர் நவச்சாரம் தூவிப் பூசும்போது பக்கத்திலேயே நின்று, பற்றவைக்கிற ஈயமா வெள்ளீயமா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

நாத்தனாருக்கு அனுப்பும் முன் ஒரு நிமிஷம். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கும்பா எந்த வருஷத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். நாத்தனார் லீவுக்கு வரும்போது இங்கேயே அதில் சாப்பிட்டுப் போனாலும் சரிதான்.

விலாச எழுத்து சரியாகப் படிக்க வரவில்லையென்றால் கொஞ்சம் அரிசிமாவைத் தடவித் துடையுங்கள், புள்ளிகள் வெள்ளையாகத் தெரியும். அதைப் போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.