ஒன்பதாம் வகுப்புக் கோடை

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோடை முகாம் விளம்பரத்தை அனுப்பி, சேரலாமா என்று கேட்டிருந்தாய். ஹார்வர்டு நடத்தும் இரண்டு வார முகாமுக்கே ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அதில் சேர்ந்தால் நாளை அங்கே பட்டப்படிப்புக்கு இடம் உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதே ஊர்ப்பக்கம் எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. முகாமில் படிப்புக்கும் தங்குவதற்கும் காசு வாங்குவதில்லை. திறமையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எந்த முகாமானாலும் முதலில் பணம் கேட்கிறதா, உன் திறமையைக் கேட்கிறதா என்று பார்.

உனக்கு நான் சொல்வது இஸ்ரோவின் யுவிகா முகாம். 2019-ல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்று, 2022-ல் மறுபடி வந்தது. மே மாதம் இரண்டு வார அளவுக்கு ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம், பெங்களூரு, ஐதராபாத் போன்ற இடங்களிலுள்ள இஸ்ரோ மையங்களில் தங்கவைத்துச் சொல்லித்தருகிறார்கள். ரயில் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. விஞ்ஞானிகள் வகுப்பெடுப்பார்கள், ஆய்வுக்கூடங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். ராக்கெட் மாதிரியை உன் கையாலேயே பூட்டிப் பார்க்கலாம்.

ஆனால் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போனபின் கேள்விப்பட்டு வருந்தும் பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். நீ இப்போது எட்டாம் வகுப்பு. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். தேர்வுக்கான மதிப்பில் பாதி எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கே போகிறது. மிச்சம் ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் இயக்கம் போன்றவற்றுக்குப் பிரிகிறது. கண்காட்சியில் கலந்துகொண்டால் மட்டும் போதாது, தாள் கையில் வேண்டும். போன வருடம் நீ வைத்த சொட்டுநீர்ப் பாசன மாதிரிக்குச் சான்றிதழ் கொடுத்தார்களா? இல்லையென்றால் அறிவியல் ஆசிரியரிடம் இப்போதே கேள். தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அப்பாவின் போனில் வைத்துக்கொள். அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அப்போது தேட நேரம் இருக்காது.

இன்னொன்று. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் நம் பக்கத்துக் கோமுகி அணையைத் தேடிப் பார். செயற்கைக்கோள் படங்களில் ஒரு வகை உண்டு. அதில் கல்வராயன் மலைக்காடு பச்சையாக இருக்காது, சிவப்பாக இருக்கும். அணைத் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். நம் கண்ணுக்குப் படாத அண்மை அகச்சிவப்புக் கதிரை இலை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் விழுங்கிவிடுகிறது. அந்தக் கதிரைப் படத்தில் சிவப்பு நிறத்தில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். மலையில் மரவள்ளி பிடுங்கிய நிலம் அப்படிப்பட்ட படத்தில் என்ன நிறமாகத் தெரியும்? யோசித்து எழுது. இப்படிப் பார்க்கப் பழகிக்கொண்டால், முகாமில் இடம் கிடைக்காமல் போனாலும் இந்தப் பழக்கம் உன்னிடமே இருக்கும்.

கிராம ஊராட்சிப் பகுதியிலுள்ள பள்ளியில் படிப்பவர்களுக்கு யுவிகாவின் தேர்வு மதிப்பில் தனியாக 15 விழுக்காடு கொடுத்து வந்திருக்கிறார்கள். சங்கராபுரம் பேரூராட்சி என்பதால் அது உனக்குக் கிடைக்காமல் போகலாம். விதியைக் கவனமாகப் படி. ஆனால் வெள்ளிமலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாளே உன் தோழி, அவள் நிலைமை வேறு. அந்தக் கல்வராயன் மலைப்பகுதியில் பேரூராட்சியே கிடையாது, எல்லாம் ஊராட்சிகள்தான். அங்கே இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போன் போட்டு, எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைக்கச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா