உருக்கப்படாமல் எஞ்சியவை

உயர்தரத்தில் வரலாறும் சித்திரமும் கற்கும் மாணவிகளைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று பழங்கால வெண்கலச் சிலைகளைக் காட்டுவது என்று தீர்மானித்தபோது, பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "டீச்சர், பன்சலைக்குள் சிலை பார்க்க எங்கட பிள்ளைகள் ஏன் போக வேண்டும்?" கேட்க வேண்டிய கேள்விதான். வணங்கச் செல்வது வேறு, அறியச் செல்வது வேறு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. ஆகவே அல் பிரூனியைப் பற்றிச் சொன்னேன். கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தமது பெரு நூலை எழுதிய அந்த முஸ்லிம் அறிஞர், அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். சிலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, எந்தச் சிலை எந்த அளவில் அமைய வேண்டும் என்று வராகமிகிரர் வகுத்த விதிகளையும் அதில் எடுத்துத் தந்தார். தமது ஈமானை அவர் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறர் எதை நம்புகிறார்கள் என்பதைத் திரிக்காமல் எழுதினார், அவ்வளவுதான். அந்தத் தாயார் தமது மகளை அனுப்பினார்.

உடப்புசல்லாவையிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு இராகலை, நுவரெலியா, ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று இறங்கினோம். மலைப்பாதை வளைவுகளில் பாதிப்பேருக்குத் தலைசுற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதாமல் விடுகிறேன்.

முதலில் சென்றது கொழும்பு ஹுனுப்பிட்டியில் உள்ள கங்காராம விகாரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரால் நிறுவப்பட்ட விகாரை இது. வாசலில் பாதணிகளைக் கழற்றினோம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும் என்பதை பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கைத்தொலைபேசியை வெளியே எடுக்கவே இல்லை.

இங்குள்ள நூதனசாலையில் பக்தர்களும் வெளிநாட்டவரும் காணிக்கையாகக் கொடுத்த பொருட்கள் நெருக்கமாக நிறைந்துள்ளன. தாய்லாந்து, மியன்மார், சீனா, ஜப்பான் என்று பல நாட்டுப் புத்தர் சிலைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். ஒப்பிட்டுப் படிப்பவருக்கு இது பெரிய வசதி. முகத்தைப் பார்க்காதீர்கள், முதலில் கையையும் காலையும் பாருங்கள் என்று மாணவிகளிடம் சொன்னேன். மியன்மார், தாய்லாந்துச் சிலைகளில் வலக்கை முழங்காலைத் தாண்டி நிலத்தைத் தொடுவது அதிகம். அது பூமிஸ்பரிச முத்திரை. இலங்கையில் அமர்ந்த நிலைச் சிலைகள் பெரும்பாலும் இரு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தியான முத்திரையில் இருக்கும். வலக்கால் இடக்காலின் மேல் சும்மா படிந்திருக்கும்; கால்கள் பின்னிக்கொள்ளா. அரைமணி நேரத்துக்குள் பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் பார்க்காமலே நாட்டைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பக்கத்திலேயே பேரை வாவியின் மேல் சீமா மாளிகை மிதப்பதுபோல் நிற்கிறது. ஜெப்ரி பாவா 1970களில் வடிவமைத்தது. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதியர், இறந்துபோன தமது மகனின் நினைவாக. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள்.

லுஹர் தொழுது, கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் தேசிய நூதனசாலைக்குப் போனோம். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அந்த வெள்ளை மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். என்ன கௌரவம் வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கும்படி அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது.

வெண்கலத்தின் உண்மையான வயது இங்குதான் தெரியவரும். எங்கள் மலைக்கு அடுத்த பதுளையில் கிடைத்த அமர்ந்த நிலைப் புத்தர் இங்கே இருக்கிறார். உயரம் சுமார் அரை மீற்றர், வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். பொலனறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 காலப்பகுதியில் எச். சி. பி. பெல் தொல்பொருள் ஆணையாளராக இருந்தபோது வெளிப்பட்ட நடராசரும் நாயன்மாரும் இங்கே உள்ளனர். சேர். பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் இந்தச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதினார்கள். சித்திரப் பாடத்தில் இவற்றைப் படிக்கும் மாணவிகள் இந்த இரண்டு பெயர்களையும் குறித்து வைப்பது நல்லது.

இந்த இடத்தில்தான் தரம் 12 மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவளுடைய வாப்பா பழைய இரும்பு, பித்தளை வாங்கி விற்பவர். "டீச்சர், வாப்பாட கடைக்கு வாற செம்பு, பித்தளை எல்லாம் ஒரு கிழமைக்குள்ள உருக்கப் போயிரும். இதுகளை எப்பிடி ஆயிரம் வருஷம் உருக்காம விட்டாங்க?"

பாடநூல்களில் வராத கேள்வி. பதில் வேண்டுமானால் சிலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தேன்மெழுகுடன் குங்கிலியம் கலந்து முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் மெல்லிய களிமண்ணும் பிறகு தடித்த மண்ணும் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கும்போது மெழுகு உருகி வழியும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மிஞ்சும். அதற்குள் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும், அச்சின் நுண்ணிய கோடுகளுக்குள்ளும் பாயும். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒரு அச்சில் ஒரு சிலைதான். அச்சும் போய், சிலையும் உருக்கப்பட்டுவிட்டால் பிறகு எதுவும் இல்லை.

கல்லை உருக்க முடியாது. மரத்தைக் கறையான் தின்னும். வெண்கலத்துக்கு எதிரி அதன் விலைதான். போர் வந்தால் படையினர் உருக்குவார்கள், பஞ்சம் வந்தால் சொந்தக்காரரே உருக்கலாம். அப்படியானால் எஞ்சியவை எப்படி எஞ்சின? பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்ததால்தான். ஆபத்தை அஞ்சி யாரோ புதைத்தார்கள், திரும்பி வந்து எடுக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாம் பார்த்து மகிழும் அநேக வெண்கலங்களின் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜய மன்னர் அங்கே கட்டிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராச சோழன், தான் சைவனாக இருந்தும், ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் ஒல்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1856 தொடக்கம் அந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகள் உள்ளன. புத்தர் சிலையில் தமிழா என்று வியப்பவர்களுக்கு அந்தப் பீடங்களைக் காட்டலாம்.

மண்ணில் தப்பியது எல்லாம் ஊரில் தங்கியதும் இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா சிலை 143 சென்ரிமீற்றர் உயரமானது. தேசாதிபதி ரொபேர்ட் பிரவுண்றிக் அதை 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். இன்றும் அது இலண்டனில்தான். 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கியது அவரது ஆட்சிதான்.

பெற்றோர் கவனத்துக்கு ஒரு விடயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். நிலத்தைக் கொத்தும்போதோ, பழைய சாமான் வாங்கும்போதோ அப்படி ஒன்று கைக்கு வந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும். மினுக்கிப் பார்க்கக் கூடாது. பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பும் மண்ணும் கூட ஆய்வாளருக்குச் சாட்சிகள். புதையல் தோண்டுகிறோம் என்று இரவில் கிளம்புபவர்கள் உடைப்பதும் இந்தச் சாட்சிகளைத்தான். கிடைத்த இடம் தெரியாத சிலை பாதி ஊமை.

சுற்றுலா முடிந்து இரண்டு கிழமைக்குப் பின் அந்த மாணவி வகுப்பில் சொன்னாள்: வாப்பா இப்போது தராசில் போடுமுன் ஒவ்வொரு பித்தளைச் சாமானையும் கவிழ்த்து அடியைப் பார்க்கிறாராம். போன கிழமை ஒரு பழைய குத்துவிளக்கின் அடியில் எழுத்து இருந்ததாம். மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கல்யாணச் சீராகக் கொடுத்தவரின் பெயரும் 1974 என்ற வருடமும்.

"பிறகு என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"நிறுத்துப் போட்டுட்டார், டீச்சர். விளக்கை மட்டும் இன்னும் அனுப்பல்ல."