அசதி விடவில்லையா? பாட்டில் ஏற்றும் முன் பாருங்கள்

பருத்தி எடுப்பு, சின்ன வெங்காய அறுவடை என்று வெயிலில் கிடந்த அசதி நாலு நாள் படுத்து எழுந்தால் போய்விடும். மூன்று வாரமாகியும் போகாத அசதிக்குக் காரணம் தேட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பலரும் முதலில் கேட்பது, "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்றுதான். வழக்கமான அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. மீதி தண்ணீர்!

1. டாக்டரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எடை குறைந்ததா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். "ஒரே அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

2. முதல் சந்தேகம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13-க்குக் குறையக் கூடாது.

3. எண் குறைவு என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. ரத்தம் எங்கே போகிறது? மாதவிடாயின்போது ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைந்தாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தம் குறைந்தால், வயிற்றுப்புண்ணிலோ மூலத்திலோ குடல் கட்டியிலோ கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டுவது ஆபத்து.

4. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போவது மாத்திரையால், பயப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிடாமலே தார் மாதிரி போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

5. எடை ஏறி, முடி கொட்டி, குளிர் தாங்காமல் போனால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பாருங்கள். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி தேவை.

6. தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், பால், முட்டை, கறி தொடாதவர்களுக்கும் பி12 குறையலாம், பாதம் மதமதக்கும். பி12 ஊசி போடும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். போட்ட பிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். குறை இருந்ததா என்பது தெரியாமலே போகும்.

7. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் சேர்ந்தால் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிமெண்ட் ஆலையிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ வேலை என்றால், பருத்திக்கு மருந்தடிப்பவர் என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

8. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கித் தினமும் போடுகிற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிரியேட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஆயிரக்கணக்கில் செலவழித்து 'முழு உடல்' பேக்கேஜ் எடுக்க அவசரப்பட வேண்டாம். அடிப்படைச் சோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

10. அசதியோடு நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் வந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் 108.

11. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்றால் நடிக்கிறார்கள் என்று பொருள் இல்லை. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரலாம். பக்கத்தில் படுப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல், விடிகாலையிலேயே விழித்துக் கிடந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள்; கட்டணம் கிடையாது.