பாம்படத்தை அழிக்காதே

திருச்சுழி

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

அப்பத்தாவின் காதுப் பாம்படத்தை அழித்து, கெபாயாச் சட்டையில் குத்திக்கொள்ளக் கெரோங்சாங் ஊசி செய்யட்டுமா என்று போனில் கேட்டாய். சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

நீ கெபாயா உடுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலாக்காவில் குடியேறிய செட்டிச் சனங்கள் 1781-இல் பொய்யாத விநாயகருக்குக் கோயில் கட்டியவர்கள்; அந்த வீட்டுப் பெண்களும் கெபாயா உடுத்துகிறவர்கள்தானே. பொத்தான் இல்லாத சட்டைக்கு மூன்று ஊசி, பெரியது தாய், மற்ற இரண்டும் பிள்ளைகள் என்று நீ சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அழிப்பதில்தான் சம்மதமில்லை. பாம்படம் கெட்டித் தங்கம் இல்லையடி. தகட்டை உருண்டையும் சதுரமுமாக அடித்துப் பற்றவைத்து, உள்ளே அரக்கை நிரப்பியிருப்பார் ஆசாரி. கையில் கனக்கிறதே என்று பவுன் கணக்குப் போடாதே. நெருப்பில் வைத்தால் அரக்கு புகைந்து போகும், மிஞ்சுவது தகடுதான். மழை பொய்த்த ஒரு வருசம் எங்க அம்மா இன்னொரு சோடியை விற்றாள். கடைக்காரர் உடைத்துக்கூடப் பார்க்காமல், அரக்குக்கென்று பாதி எடையைக் கழித்தார். வீட்டில் தவசம் இல்லை. அம்மா பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். என்றைக்காவது நீ விற்கும்படி ஆனால், கண்முன்னால் அறுத்து அரக்கை எடுக்கச் சொல்லி, வெறும் தகட்டை நிறுக்கச் சொல்.

பழசைக் கண்டால் கும்பிடுகிறவள் என்று என்னை நினைக்காதே. கைக்குழந்தையிலேயே எனக்கும் காது குத்தி, பஞ்சைத் திணித்து, குணுக்கு மாட்டித் தொங்கவிட்டார்கள். டீச்சர் டிரெய்னிங் போகுமுன் அழுது அடம்பிடித்து, தொங்கின காதை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டேன். அந்தத் தழும்பைத் தடவி, "எலி கடிச்சிருச்சா அத்தை?" என்று சின்னதில் நீ கேட்பாய்.

அம்மா அப்படி இல்லை. அடகுக்கடைக்குத் தவிர வேறெதற்கும் அதைக் கழற்றியதில்லை. களையெடுக்கக் குனிந்தால் கன்னத்தில் வந்து மோதும். முந்தானையைத் தலையோடு சுற்றி அதற்குள் அடக்கிக்கொள்வாள். பாம்படம் விதைப்புக்கு அடகு போகும், வெள்ளாமை வந்தால் திரும்பும். வெள்ளாமை வராத வருசத்தில் வட்டி மட்டும் போகும். அது வீட்டில் இல்லாத மாதங்களில் காதில் பனையோலைச் சுருள் இருக்கும். கேட்டால், "இப்பத்தான் காது லேசா இருக்கு" என்பாள். உன் அப்பன் காலேஜ் பீஸ் கட்டியதும் அதை வைத்துத்தான். அவனுக்கு இது தெரியாது, சொல்லாதே.

கெரோங்சாங்கை நீ இருக்கிற ஊரிலேயே வெள்ளியில் வாங்கு, பணம் நான் தருகிறேன். ஊசி உறுதியாக இருக்கிறதா, சங்கிலி வைத்ததானால் அதன் வளையம் வாய் பிளந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பொங்கலுக்கு வரும்போது கெபாயாவையும் கொண்டு வா, உடுத்திப் பார்க்கவேண்டும். பாம்படத்தை லாக்கரில் இருந்து எடுத்து வைக்கிறேன். வலது காதுக்கு உரியதன் திருகு இறுகிக் கிடக்கிறது. அருப்புக்கோட்டையில் அந்த வேலை தெரிந்த வயசான ஆசாரி யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை