குழந்தை நனைத்த துணியும் தாயின் தொழுகையும்

பழவேற்காட்டில் ஒருநாள் பயான் முடிந்ததும், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்திருந்த மூதாட்டி திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்: “ஹஜ்ரத், எங்க மருமக ரெண்டு வருஷமா சரியாத் தொழுறதில்லை. கேட்டா, புள்ளை மடியிலேயே ஒண்ணுக்குப் போறான், உடுப்பெல்லாம் நஜீஸுங்கிறா. நல்ல தண்ணியோ குடக்கணக்குலதான் கிடைக்குது. அவ என்ன செய்வா?”

இது ஒரு வீட்டுக் கேள்வியல்ல. குழந்தை தானே மறைவிடம் சென்று வரும் வயதுவரை தொழுகையைத் தள்ளிப்போடும் தாய்மார்கள் நம்மில் அநேகர். மார்க்கம் இலேசாக்கி வைத்ததை நாமே கஷ்டமாக்கிக் கொண்டோம்.

உம்மு கைஸ் (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணி, இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண்குழந்தையை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார். மடியில் அமர்ந்த குழந்தை ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்தார்கள், கழுவவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இதைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள், இரண்டு வயது நிறையாத, பாலையே உணவாகக் கொண்ட ஆண்குழந்தையின் சிறுநீருக்கு, ஈரத்தைப் பிழிந்துவிட்டு, பட்ட இடம் முழுதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்றார்கள். பெண்குழந்தையினுடையதையும், கஞ்சி சோறு உண்ணும் ஆண்குழந்தையினுடையதையும் கழுவியே ஆகவேண்டும். மலத்துக்கு இச்சலுகை இல்லை.

மூதாட்டியின் பேரன் மீன்சோறு தின்கிறவன். ஆகவே கழுவத்தான் வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நனைந்த துணியை வாளித் தண்ணீரில் முக்குகிறார்கள். இரண்டு குல்லாவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அத்தண்ணீரே நஜீஸாகிவிடும். துணி சுத்தமாகாது, வாளியும் கெடும். துணியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். நிறமும் வாடையும் நீங்கும்படி ஒருமுறை நீர் ஓடினால் போதும். இரண்டு செம்புத் தண்ணீரில் முடிகிற காரியம்!

அதற்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. கடற்பயணத்தில் கொஞ்சமே குடிநீர் கொண்டுபோகிறோம், கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என்று கேட்டவருக்கு, கடல்நீர் சுத்தப்படுத்தக் கூடியதே என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உப்புக்கரிக்கும் ஏரித் தண்ணீரும் அப்படியே. குடத்துத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நனைத்தானா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் உடுப்பு சுத்தமென்றே கொள்ளப்படும். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதிருக்கிறார்கள். ஆனால் நனைந்தது உறுதியானால், கடற்காற்றில் காய்ந்துவிட்டது என்பதற்காகப் பாய் சுத்தமாகிவிடாது.

பிள்ளையைப் பழக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதுக்குமேல், இரண்டு மணி நேரம் நனைக்காமலிருக்கவும், முட்டுவதை முகத்தாலோ சொல்லாலோ காட்டவும் தொடங்கினால் பழக்கலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் குடல் அசையும்; அப்போது காலை நீட்டி, பாதங்களின்மேல் உட்காரவைக்கும் பாட்டிமார் வழக்கம் நல்ல வழக்கமே. தவறி நனைத்தால் சிலர் முதுகில் அறைகிறார்கள். பயந்த குழந்தை அடக்கும், மலம் இறுகும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியை ஸஹாபாக்கள் அதட்டியபோது, இடையில் நிறுத்த வேண்டாமென்று தடுத்து, முடிந்தபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள் நபியவர்கள். வளர்ந்த மனிதருக்கே அவ்வளவு பொறுமை!

பிள்ளை மலம்தானே என்று கரையில் வீசுவதும் தவறு. பெரியவர்களுடையதைப் போலவே அதுவும் நோய் பரப்பும். கொக்கிப்புழு ஈரமணலிலிருந்து வெறுங்காலில் ஏறும். நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தானே இறங்குகிறார்கள்? கழிப்பறையில் கொட்டுங்கள், இல்லாவிடில் கரையைவிட்டுத் தள்ளிக் குழிவெட்டிப் புதையுங்கள்.

எல்லாம் கேட்டபின் மூதாட்டி மெல்லக் கேட்டார்: “அப்போ விட்டுப்போன தொழுகை?” மாதவிடாய், பேறுகால நாட்கள் நீங்கலாக மற்றவற்றைக் களாச் செய்தே தீரவேண்டும், தாமதிக்கக் கூடாது என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அவ தொழுற வரைக்கும் புள்ளையை நான் வச்சுக்கிறேன் ஹஜ்ரத்” என்றார்.