விரல்கள் மறக்க மறுப்பது ஏன்?

தமிழ்த் தட்டச்சு பயின்ற பெரியவர் எவரையேனும் அணுகி, 'ழ' எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சற்று விழிப்பார், காற்றில் விரலை அசைத்துப் பார்த்த பிறகே விடை சொல்வார். எழுத்தின் இடம் தெரிந்திருப்பது அவருடைய விரலுக்கு!

தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்து பதியும். உடனே சுருள்வில்லின் இழுப்பால், தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்தளவு நகரும். தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலுமா? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்ப் பொறியை வடிவமைத்தபோது 'நகரா விசை'களைக் கையாண்டார். புள்ளியை அடித்தால் உருளை நகராது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் பதிந்து 'க்' ஆகும். ஆகவே புள்ளி முன்னே, எழுத்து பின்னே! இந்த வரிசையை விதித்தது இலக்கணமன்று, உருளை.

கணிப்பொறியில் உருளை ஏது? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை அடுத்து, அவ்வாண்டே தமிழக அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'க', 'எ' என்று அடித்தால் 'கெ'. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே அமரும். 'அம்மா' என்பதற்குப் பழைய முறையில் ஐந்து அடிகள், புதியதில் நான்கே.

அப்படியிருந்தும் பழகியவர்கள் பலர் இதை விரும்பவில்லை. சோம்பலா? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பள்ளி நாள்களில் அஸ்தம்பட்டியில் மாலைதோறும் 'யளனக, யளனக' என்று அடித்துப் பயின்றவன் நான். பின்னாளில் நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை கணிப்பொறிகளில் பழைய அமைப்பை நீக்கிப் புதியதை மட்டும் வைத்துவிட்டார்கள். 'யளனக' இருந்த நான்கு விசைகளில் இப்போது அ, இ, உ, புள்ளி! ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்த தட்டச்சர் ஒருவர், முப்பது ஆண்டுத் திறமையை ஒரே நாளில் இழந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தட்டச்சே அறியாத இளைஞர் ஒருவரோ இரண்டு வாரங்களில் தேறிவிட்டார்.

ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் வெறும் லாரி எளிதில் திரும்பும். பாரம் ஏற்றிய லாரிதான் திணறும். (இது உவமைதான், தேர்வில் எழுதிவிடாதீர்கள்!) மாற்றத்தின் விலையை அதிகம் கொடுப்பவர் நன்கு கற்றவரே. ஐந்தில் ஓர் அடி மிச்சம் என்ற ஆதாயம், அந்த முதியவர் ஓய்வு பெறுமுன் கைக்கு வந்திருக்குமா?

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியதுண்டு. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, திரையின் இடக்கீழ் மூலையில் இருந்த 'ஸ்டார்ட்' பொத்தானை நீக்கியது. எதிர்ப்பு எழவே, மறு ஆண்டு 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. பழைய பட்டியலை ஒத்த ஒன்று 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்தது.

தமிழுக்கோ 'என்.எச்.எம். ரைட்டர்' போன்ற மென்பொருள்கள் தட்டச்சு அமைப்பு, தமிழ் 99 இரண்டையும் தந்து, தேர்வை நம்மிடமே விட்டன. உங்கள் பெயருக்கு இரு முறைகளிலும் எத்தனை அடிகள் தேவை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, மிச்சமாகும் அடிகளுக்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்வாரா என்று அந்தப் பெரியவரையே கேளுங்கள்.