நாய்க்குட்டியை இரவில் வெளியே படுக்க விடலாமா?

நமது நாட்டு நாய்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் குட்டி போடுகின்றன. காஞ்சிபுரம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும், அதை அடுத்து மார்கழிப் பனி இறங்குவதும் இதே மாதங்களில்தான். களத்து நெல்லுக்கும் பட்டியில் உள்ள ஆடுகளுக்கும் காவல் வேண்டும் என்று குட்டியைத் தூக்கி வருகிற விவசாயிகளில் சிலர், முதல் இரவே அதை வைக்கோல் போர் அருகில் கட்டிவிடுகிறார்கள். வெளியில் கிடந்து பழகினால்தான் குட்டி உரப்படும் என்பது அவர்கள் எண்ணம். இது சரியல்ல.

நான்கு மாதம் நிறையாத குட்டியை இரவில் தனியே வெளியில் விடக்கூடாது. நான்கு மாதம் ஆகி, தடுப்பூசிகளும் போட்டு முடிந்த குட்டியை, வேலிக்குள் நல்ல கூண்டு அமைத்து வெளியில் படுக்க வைக்கலாம். இதற்கான காரணங்களையும் செய்ய வேண்டிய முறைகளையும் கீழே காண்போம்.

குளிரும் ஈரமும்

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் இது 95 முதல் 98 டிகிரிதான். அதற்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. தாயின் அணைப்பும் உடன்பிறந்த குட்டிகளின் சூடும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன், வாரங்கள் செல்லச் செல்லத்தான் வரும். ஆகவே எட்டு வாரம் வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது நல்லது.

தை மாத இரவில் நமது பகுதியில் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்குகிறது. வளர்ந்த நாய்க்கு இது ஒரு குளிரே அல்ல. ஆனால் தாயை விட்டு வந்த குட்டி, ஈர மண்ணில், காற்று வீசும் இடத்தில் கிடந்தால் அதன் சூடு விரைவில் இறங்கிவிடும். மழையில் நனைந்த குட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற இனக் குட்டிகளுக்கு ரோமம் குட்டை, உடலில் கொழுப்பும் குறைவு. இவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை.

குட்டி சுருண்டு படுத்து நடுங்கினாலும், ஈறு வெளுத்துச் சில்லிட்டிருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் குளிர் தாக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். உடனே ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சூடு திரும்பி, விழுங்கும் நிலைக்கு வந்த பிறகே வெதுவெதுப்பான பால் கொடுக்கலாம். குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மண்ணில் உள்ள நோய்கள்

பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோய் 1978-ம் ஆண்டு முதல் உலகின் பல நாடுகளிலும் பரவியது. நோய் கண்ட நாயின் கழிவு விழுந்த மண்ணில் இக்கிருமி பல மாதங்கள் உயிரோடு இருக்கும். தெருநாய்கள் வந்து போகிற களத்திலும் வரப்பிலும் தடுப்பூசி முடியாத குட்டியை விடுவது இந்த நோயை வரவழைப்பதாகும். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் மூலம் எலிக்காய்ச்சலும் பரவுகிறது. இது மனிதரையும் தாக்கக்கூடியது.

இந்நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். குடற்புழு மருந்தை இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது அவசியம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டு, கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் போட வேண்டும்.

இரவில் யாரும் காணாத கடி

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வெறிநோய்தான். வெளியில் தனியே படுத்திருக்கும் குட்டியை இரவில் ஒரு வெறிநாயோ கீரியோ கடித்துவிட்டுப் போகலாம். ரோமத்துக்குள் மறைந்த சிறு காயம் காலையில் நம் கண்ணில் படாது. சில வாரமோ சில மாதமோ கழித்துக் குட்டிக்கு நோய் வெளிப்படும். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அதன் எச்சிலில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவது வீட்டில் உள்ள குழந்தைகள்தான்.

சின்னக் குட்டி, பல் பட்டால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிக் குழந்தையைச் சும்மா விட்டுவிடுவது உயிருக்கே உலை வைக்கும். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு அதற்கு மருந்து இல்லை. முன்கூட்டித் தடுத்தால் முழுமையாகத் தப்பலாம். குட்டி கடித்தாலும், பல் கீறினாலும், புண்ணில் அதன் எச்சில் பட்டாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். முன்காலம்போல் வயிற்றில் போடும் ஊசி இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். சொன்ன நாட்களில் தவறாமல் போய் எல்லா ஊசிகளையும் முடிப்பது முக்கியம்.

இவை தவிர, இரவில் நடமாடும் கட்டுவிரியன், நல்ல பாம்பு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, எலிக்கு வைத்த நஞ்சு ஆகியவையும் குட்டிக்கு எமன்கள். கயிற்றில் கட்டிப் போட்டால் கழுத்து இறுகிச் சாவதும் உண்டு.

வீட்டில் எங்கே வைப்பது?

அடுக்களையை ஒட்டிய தாழ்வாரமோ, கதவுள்ள தொழுவத்தின் ஒரு மூலையோ போதும். மாட்டின் கால் படாதபடி தட்டி வைத்து மறைக்க வேண்டும். தரையில் வைக்கோல் பரப்பி, மேலே உலர்ந்த கோணி விரிக்கலாம். கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தால் இரண்டு மாதக் குட்டிக்கு நல்ல கூண்டு ஆகும். தாய் படுத்திருந்த பழந்துணி ஒன்றையும் உடன் போட்டால், முதல் சில இரவுகளில் அழுவது குறையும். அழுகிறது என்று அடிக்கக் கூடாது. தணல் சட்டி வைப்பது ஆபத்து. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம்.

காஞ்சிபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி உள்ள குடும்பங்கள் உண்டு. அங்கே குட்டியைத் தறி இருக்கும் அறையில் விட முடியாது. பட்டுப் பாவைக் கடித்தாலும், சிறுநீர் பட்டுக் கறையானாலும் நெசவாளிக்கு நஷ்டம். தறிக்குழியில் விழுந்தால் குட்டிக்கும் அடிபடும். இதற்காகக் குட்டியைத் தெருவில் விட்டுவிடாமல், பின்கட்டில் பஞ்சாரம் வைத்து மூடுவதே சரியான வழி.

வெளிக் கூண்டு அமைக்கும் முறை

நான்கு மாதத்துக்குப் பிறகு கூண்டில் பழக்கலாம். கூண்டின் தரை மண்ணிலிருந்து அரை அடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். நாய் எழுந்து நிற்கவும், திரும்பிப் படுக்கவும் இடம் வேண்டும். மழைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாசலைத் தெற்குப் பார்த்து வைத்து, முன்னால் ஒரு முழம் இறக்கிக் கூரை போட வேண்டும். தகரக் கூரை கோடையில் கொதிக்கும். ஓலைக் கூரையே நல்லது. படுக்கை வைக்கோலை வாரம் ஒரு முறை மாற்றினால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் குறையும்.

முதலில் பகலில் கூண்டில் விட்டு, பிறகு மழையில்லாத இரவுகளில் மட்டும் படுக்க வைத்து, படிப்படியாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு, பழகிய பெரிய நாயுடன் சேர்த்து வயல் காவலுக்கு அனுப்பலாம். 2015-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்ததுபோன்ற பெருமழை வந்தால், எந்த வயது நாயானாலும் கட்டை அவிழ்த்து மேட்டு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நாற்றங்காலில் காக்கப்பட்ட நாற்றுதான் நடவு வயலில் நிற்கும். நான்கு மாதம் வீட்டுக்குள் காத்து, ஊசியும் போட்டு வளர்த்த குட்டி, பல ஆண்டுகளுக்கு உங்கள் களத்தையும் பட்டியையும் காக்கும். குட்டி வாங்கிய வாரத்திலேயே அதை அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.